கிழித்த பக்கத்தோடு ஈப்போவுக்கு

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் ரயிலில், பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவர் என் மடியில் இருந்த தோல்பையை மேலே வைக்கும்படி மூன்று முறை சைகை காட்டினார். மூன்று முறையும் தலையை ஆட்டி மறுத்தேன். பிறகு அவர் ஒரு நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் ஒரு பிடி கொட்டிவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். முன் இருக்கைத் தமிழ்ப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பைக்குள்ள தங்கமே இருந்தாலும் கடல திங்க ஒரு கை போதுமாம் சார்."

பைக்குள் தங்கம் இல்லை. ஒரே ஒரு தாள் இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே பேராக் மாநிலத்தில், ஒரு நல்ல மனிதர் எனக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போயிருந்த நேரத்தில், அவர் வீட்டுப் பழைய நோட்டிலிருந்து நான் கிழித்தெடுத்த தாள். கிழிக்கும் சத்தம் கேட்காமலிருக்க இருமினேன். "தண்ணி வேணுமா சார்?" என்று உள்ளிருந்து கேட்டார் அவர். அந்தக் குரல் இன்றுவரை என்னை விட்டதில்லை.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். அந்த ஆண்டு ஈப்போவில் ஒரு கருத்தரங்குக்கு வந்து, வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் படுத்தேன். முன்பின் தெரியாத சிவநேசன் என்ற லாரி முதலாளி என்னைத் தம் வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பதினைந்து நாள் வைத்துக்கொண்டார். அவர் மனைவி எனக்குக் கஞ்சி ஊற்றினார். அவர்களுடைய ஆறு வயது மகள் தெர்மாமீட்டரை உதறி உதறிக் கொடுத்தாள்.

உடம்பு தேறியதும் சிவநேசன் ஒரு பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு புலி இருந்தது. "நாங்க கூலிக்கு வந்தவங்க இல்ல சார். கடாரத்தப் புடிக்க வந்தாரே சோழன், அவரு படையில வந்து இங்கேயே தங்கிட்டவங்க. எங்கப்பா சொல்லிட்டுப் போனாரு. நீங்க படிச்சவங்க, எழுதிக் குடுங்க" என்றார்.

தகட்டைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் துணி மூட்டைகளில் கட்டி அனுப்பும் வியாபாரச் சின்னம் அது. இருந்தாலும் விசாரிக்கப் போனேன். கோலா கங்சாரில் ஒரு கங்காணியின் மகன் தம் தகப்பனாரின் ஆள்கட்டு நோட்டை வைத்திருந்தார். ஊரிலிருந்து கப்பலில் கூட்டிவந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அது. அதில் சிவநேசனின் கொள்ளுத்தாத்தா முத்தையன் இருந்தார். தகப்பன் பெயர் பெரியகருப்பன், ஊர் துறையூர்ப் பக்கம், வேலை ரப்பர்த் தோட்டத்துக் கூலி. அந்தப் பக்கத்தைத்தான் கிழித்தேன். பிறகு கல்லூரித் தாளில் நான்கு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். புலித்தகடு "சோழர் இலச்சினையாக இருக்கக்கூடும்" என்று எழுதியிருந்தேன். சிவநேசன் அச்சடித்த பிரதியில் "சோழர் இலச்சினை" என்று மட்டும் இருந்தது. நான் மறுப்புச் சொல்லவில்லை. கடாரம் வடக்கே இருக்கிறது, ஈப்போ அங்கில்லை என்பதைச் சமாளிக்கவும் ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

நன்றிக்கடன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோழப் படையின் வாரிசைக் கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் ஈப்போவிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று சிவநேசன் அனுப்பியது. அவர்களுடைய பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், என் நான்கு பக்கங்களைக் கருங்கல்லில் பொறித்து நிறுத்தப் போகிறார். நான்தான் திறந்துவைக்க வேண்டும். மற்றது அவர் மகளின் குரல் பதிவு. தெர்மாமீட்டர் உதறிய அதே யோகேஸ்வரி. இப்போது மருந்தாளர்.

"பிரகாஷ்னு ஒருத்தர எனக்குப் பிடிச்சிருக்கு சார். அதே தோட்டத்துக்காரங்கதான். நாம சோழ வம்சம், அவங்க கூலிக்கு வந்தவங்கன்னு சொல்லி அப்பா அஞ்சு வருசமா ஒத்துக்க மாட்டேங்குறாரு. வாயத் தொறந்தா உங்க நாலு பக்கத்தக் காட்டுறாரு. அது உண்மைன்னா விட்டுருங்க. பொய்யின்னா நேர்ல வந்து சொல்லிருங்க லா சார், ப்ளீஸ்."

எனக்கு எழுபத்தொன்பது வயது. இதயத்துக்கு இரண்டு மாத்திரை. மகன் போக வேண்டாம் என்றான். போகவேண்டிய காரணத்தை அவனிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஈப்போ நிலையத்தில் இறங்கியதும் சிவநேசன் நடைமேடையிலேயே என் காலில் விழுந்தார். அறுபத்தைந்து வயது மனிதர், பெரிய உடம்பு, ஊரறிந்தவர். மலாய்க் குடும்பம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. குனிந்து தூக்கியபோது அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். "பயணக் களைப்பு" என்றேன். அந்த ஐந்து நாட்களில் நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் வீட்டு வாசலில் இரண்டு சிமெண்டுப் புலிகள். கூடத்தில் என் நான்கு பக்கங்களும் கண்ணாடிச் சட்டத்தில், மேலே சிறு விளக்கோடு தொங்கின. கீழே என் கையெழுத்து. எங்கள் ஊரிலும் இது உண்டு. தாங்கள்தாம் ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி ஒட்டாத சாதி எங்கள் பக்கம் குறைவு. ஆனால் அந்தச் சுவரொட்டிகளின் கீழே என் கையெழுத்து இருந்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் தவ்கே கோழி. வெந்த கோழியும், தடித்துக் குட்டையான முளைப்பயறும். சுண்ணாம்பு மலைகளிலிருந்து வரும் ஈப்போத் தண்ணீரில்தான் முளை அப்படி வரும் என்கிறார்கள். நான் கிளறிக்கொண்டிருந்தேன். சிவநேசன் அள்ளி அள்ளி வைத்தார்.

"அந்தப் பிரகாசு நல்ல பையன்தான் சார். காம்பார் யுனிவர்சிட்டியில லேப்ல வேல. நான் கொற சொல்லல. ஆனா வம்சம்னு ஒன்னு இருக்குல்ல? நாளைக்கு எம்பேரன் அந்தக் கல்லு முன்னால நின்னு, தாத்தா நான் யாருன்னு கேட்டா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கப்பாவுக்கு அஞ்சு வயசு. சண்ட நேரத்துல ஜப்பான்காரன் தாத்தாவ சயாமுக்கு ரயில் போடத் தூக்கிட்டுப் போயிட்டான். திரும்பல. அப்பன் இல்லாதவன்னு தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாம் கேலி பண்ணுவாங்களாம். அதுக்குத்தான் அப்பா சொல்லுவாராம், என் அப்பன் சோழன்டான்னு. நீங்க எழுதிக் குடுத்த அன்னைக்கு அப்பா படத்துக்கு முன்னால வச்சு அழுதேன் சார்."

சொல்ல வாயெடுத்தேன். சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை யோகேஸ்வரி என்னைப் பழைய நகரத்து வெள்ளைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப் போனாள். நம் டிகிரி காப்பியைப்போல் நாக்கைக் கடிக்காது, வெண்ணெய்யாய் வழுக்கும். அவள் காப்பியைத் தொடவில்லை.

"சொல்லுங்க சார். உண்மையா, பொய்யா?"

"பொய்யம்மா" என்றேன். அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடி மூச்சை விட்டாள்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தினத நிரூபிக்கவே முடியாதா?"

"உனக்கு அப்பா அம்மா இரண்டு பேர். அவர்களுக்கு நான்கு பேர். இப்படி முப்பது தலைமுறை போனால் நூறு கோடிக்குமேல் ஆகிவிடும். அன்று உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. அதனால் ஒருவேளை நீயும் சோழன் பேத்திதான். இந்தக் கடையில் காப்பி ஆற்றுகிறவரும் சோழன் பேரனாக இருக்கலாம். அதை வைத்து ஒருவர் மேல் ஒருவர் கீழ் என்று சொல்ல முடியாது."

"இதையே எங்கப்பாகிட்ட சொல்லுங்க, போதும்" என்றாள். "மொதல்ல அந்தக் கல்ல உங்களுக்குக் காட்டுறேன்."

அவள் தந்தையின் பிக்கப் வண்டியில் அவர்களுடைய பழைய ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்பது இப்போது பெயர்தான். பால் வடியும் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெயில் உள்ளே இறங்காத பச்சை இருட்டு. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தின்மேல் மரப்பெட்டி கட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் வாயும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பேராக் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாதி வழியில் கொட்டியது. சக்கரம் செம்மண்ணில் இறங்கி அச்சுவரை புதைந்தது. அவள் அழுத்த அழுத்த வண்டி இன்னும் கீழே போனது. கடைசியில் வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். லயம் இருந்த இடத்தில் இரண்டே வீடுகள் மிச்சம். ஒன்றின் வாசலில் நின்ற பெண்மணி எங்களைப் பார்த்து ஓடிவந்தார்.

"அடோய்! இந்த மழையில பெரியவர ஏம்மா நடக்க விட்ட?"

"காடி மாட்டிக்கிச்சு அத்த" என்றாள் யோகேஸ்வரி.

அவர்தான் பிரகாஷின் தாய், சரசு. தோட்டம் இருந்தவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இப்போது விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டிப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறார். துவட்டத் துண்டு கொடுத்து, எனக்கும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரச் சம்பல். வந்த நாளிலிருந்து அதுதான் எனக்கு இறங்கிய முதல் உணவு. அது மறைத்து வைக்க எதுவும் இல்லாத ஒரு வீட்டுச் சாப்பாடு.

"நீங்கதான் அந்த நாலு பக்கம் எழுதுனவரா?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "அதுக்கு முன்னால திருவிழாவுல அவங்க வீட்டுப் பொங்கப் பானையும் எங்க வீட்டுப் பானையும் மொத அடுப்புல பக்கத்துல பக்கத்துல வெக்கிறது சார். ஏன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆம்பளைங்கள எல்லாம் சயாம் தின்னுருச்சு. உங்க எழுத்து வந்ததும், சோழ வம்சத்துப் பான தனியா இருக்கணும்னு எங்கள கடைசி வரிசைக்குத் தள்ளிட்டாங்க. இந்தத் தோட்டத்துல எல்லாரும் எல்லாரையும் மொற வச்சுத்தான் கூப்பிடுவோம். இவ அப்பா இருவத்தாறு வருசமா என்ன ஒரு மொற சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தாம்மா'ன்னு கூப்பிடுவாரு, கடைக்காரியக் கூப்பிடுற மாதிரி."

பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்: "உங்கள் மாமனார் வழியில் முதலில் இங்கே வந்தது யார்?"

"எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு அப்பா. மாரிமுத்து. பேரு கோயில் சாமி மேடையில செதுக்கியிருக்கு, வேணும்னா பாருங்க."

சோறு வாயில் அப்படியே நின்றது.

என் பையிலிருந்த பக்கத்தில் மொத்தம் ஒன்பது வரி. எட்டாவது வரி முத்தையன். அதற்கு அடுத்த கடைசி வரியை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருநாளும் எனக்கு அது வேண்டியிருந்ததில்லை. மாரிமுத்து. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "மேற்படி". ஊருக்கு "மேற்படி".

அண்ணனும் தம்பியும்.

அதனால்தான் அந்தப் பானைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பங்காளி வீடுகள். பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. எத்தனை தலைமுறை ஆனாலும் அவன் அண்ணன், அவள் தங்கை. என் பொய் அவர்களைக் கல்யாணம் செய்யவிடாமல் வைத்திருந்தது. பொய்யை உடைக்க என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கல்யாணத்தையே இல்லாமல் ஆக்கிவிடும். எதிரே அந்தப் பெண் சரசுவின் கொடியிலிருந்த துணிகளை மழைக்கு உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "அத்த, இது காஞ்சிருச்சு, மடிக்கட்டா?" என்றாள். கல்லைப் பார்க்க வேண்டாம், திரும்பிவிடலாம் என்றேன்.

மூன்றாம் நாள், ஒரு பழைய நண்பரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கோலா கங்சாருக்குக் கூட்டிப்போக யோகேஸ்வரியைக் கேட்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு பிரகாஷும் வந்தான். ஒல்லியான, சிரித்த முகம். கண்ணோரம் சிவநேசனின் சாயல் தெரிகிறதா என்று வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். தெரிவதுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. பயந்தவன் கண்ணுக்கு எல்லாச் சாயலும் தெரியும்.

என் எண்ணம் இதுதான். கங்காணிகள் பலர் சோம்பேறிகள், சிலர் பொய்யர்கள். கப்பலேற்றும் இடத்தில் கேள்வி வராமலிருக்க, தனித்தனியே வந்தவர்களை அண்ணன் தம்பி என்று எழுதுவார்கள். அடுத்த பக்கத்திலும் இதே "மேற்படி" இறங்கிக்கொண்டே போனால் அது கங்காணியின் சோம்பல். அடுத்த பக்கம் வேறு தகப்பன் பெயரோடு தொடங்கினால், இவர்கள் உண்மையான சகோதரர்கள். முழு நோட்டையும் பார்த்தால்தான் தெரியும்.

நோட்டு வைத்திருந்த பெரியவர் இறந்துவிட்டார். அவர் மகன் டேவிட் பஜாரில் டயர்க் கடை வைத்திருந்தார். நெற்றியில் கரி, கழுத்தில் சிறு சிலுவை. இரண்டு ஸ்டூல் இழுத்துப் போட்டார்.

"அந்த நோட்டா? ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப போச்சு சார். கூழாயிருச்சு. அப்பா ரொம்ப வருத்தப்பட்டாரு. வெள்ளத்துக்கு முன்னாலயே அதுல ஒரு பக்கம் காணோம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கரையான் தின்னிருக்கும்னு நாங்க சொன்னோம். அவரு இல்ல, யாரோ கிழிச்ச மாதிரி நேரா இருக்குன்னாரு."

"கிழித்தது நான்தான்" என்றேன்.

டேவிட் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எங்கப்பா சாகுறவரைக்கும் வேலக்காரம்மாவத்தான் சந்தேகப்பட்டாரு சார்."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய் டயரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பேராக் ஆற்றங்கரையில் லக்சா நூடுல்ஸ் சாப்பிடும்போது பிள்ளைகள் இருவரிடமும் தாளை விரித்துக் காட்டினேன். ஒன்பதாவது வரியைப் படித்ததும் பிரகாஷ் சிரிக்கப் பார்த்தான்.

"அப்ப இத்தன வருசமா உன் அண்ணனையா லவ் பண்ணிக்கிட்டு இருந்த?"

அவள் டிஷ்யூவை அவன்மேல் எறிந்தாள். எறிந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசை மலாய்ப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"டி.என்.ஏ. டெஸ்ட் இருக்கு சார்" என்றான் பிரகாஷ். "ஆம்பள வழிக்குன்னு ஒன்னு. அவங்கப்பா எச்சில், என் எச்சில். சோழனக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா இத ஓரளவு சொல்லிரும்."

"எதுக்கு?" என்று நிமிர்ந்தாள் யோகேஸ்வரி. "ஒரு தாள நம்பி எங்கப்பா இருபத்தாறு வருசம் வாழ்ந்தாரு. இன்னொரு தாள நம்பி நான் சாகணுமா? சார், நாளான்னைக்கு சோழன் பொய்யின்னு மட்டும் சொல்லுங்க. இந்த ரெண்டாவது பேரச் சொல்லாதீங்க."

"அம்மாகிட்ட என்னால மறைக்க முடியாது யோகேஸ்" என்றான் அவன்.

"ஒருமுறை மறைத்துத்தான் இப்படி ஆயிற்று அம்மா" என்றேன் நான்.

"நீங்க மறைச்சது உங்க பேருக்காக. நான் கேக்குறது என் வாழ்க்கைய."

கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். நானாக எடுத்துக் காட்டமாட்டேன். ஆனால் உன் அப்பா ஆதாரம் கேட்டால், கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்ல இனி என்னால் ஆகாது. திரும்பும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. சுண்ணாம்பு மலைகள் இருபுறமும் வந்துகொண்டே இருந்தன. குகை வாய்கள் கறுத்துத் திறந்திருந்தன. அத்தனை பெரிய மலைகள் அன்றுதான் என்னை நெருக்குவதாக உணர்ந்தேன்.

நான்காம் நாள் முழுவதும் சிவநேசன் வீட்டு அறையில் படுத்துக் கிடந்தேன். அவரே தேநீர் ஆற்றிக் கொண்டுவந்தார், பழம் வெட்டிக் கொண்டுவந்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "பழைய காய்ச்சலா சார்?" என்றார். அந்தக் கையை எப்படித் தாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் திருவிழா. செம்பனைக்கு நடுவில் சின்னக் கோயில். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் கார்களில் வந்திருந்தார்கள். சிவநேசனின் லாரி ஓட்டுநர்கள் புலி போட்ட மஞ்சள் சட்டையில் வரிசையாய் நின்றார்கள். ஒவ்வொருவர் கையும் என் தொடை கனம். முதல் அடுப்பில் சிவநேசன் வீட்டுப் பானை தனியே பொங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் சரசு தம் பானைக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தார். அருகே போனேன்.

"பிரகாசு சொல்லிட்டான் சார்" என்றார், புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நீங்க சொல்ல வந்தத சொல்லிருங்க. நான் பானைய எறக்கிட்டுத்தான் அழணும்னா அழுவேன்."

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் துணி போர்த்திய கருங்கல் என் பக்கத்தில். என்ன சொன்னேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"இந்தக் கல்லில் இருப்பது பொய். எழுதியது நான். தெரிந்தே எழுதினேன். சிவநேசன் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் அவரை ஏமாற்றினேன். முத்தையன் சோழப் படைவீரர் அல்ல. இங்கே நிற்கிற எல்லாருடைய பாட்டன்களையும் போல் கூலிக்குக் கப்பலேறி வந்தவர். என்னை மன்னியுங்கள்."

மஞ்சள் சட்டைகளில் ஒருவன் "யோவ் கெழவா!" என்று முன்னால் வந்தான். சிவநேசன் கையை நீட்டி அவனை நிறுத்தினார். என் அருகே வந்தார். மைக்கை என்னிடமிருந்து வாங்கி அணைத்தார்.

"யாரு சொல்லச் சொன்னா சார்? யோகேஸா?"

"இல்லை. உண்மை அதுதான்."

"அன்னைக்கும் உண்மைன்னுதான் சொன்னீங்க. ஆதாரம்?"

யோகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எட்டாவது வரிக்கு வந்தபோது அவர் தோள் இறங்கியது. ஒரு பெரிய மனிதர் என் கண்முன்னே சிறுத்துப்போனார். அதோடு நிறுத்திவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன். விரல் கீழே இறங்கியது. ஒன்பதாவது வரியில் நின்றது. சாமி மேடையைத் திரும்பிப் பார்த்தார். அதில் மாரிமுத்து என்று செதுக்கியிருந்தது. கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு தம் மகளை.

எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "அண்ணன் தம்பியா?"

"கங்காணி அப்படி எழுதியிருக்கிறார்."

"அவரு எழுதினத விடுங்க. நீங்க சொல்லுங்க புரபசர். உறுதியா அண்ணன் தம்பிதானா?"

ஆம் என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் காரணம் காட்ட எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் நான் செய்த தொழிலே அதுதான்.

"தெரியாது" என்றேன். "எச்சிலைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியலாம். இந்தத் தாளை மட்டும் வைத்து, எனக்குத் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சார்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசையை நோக்கி நடந்தார். அவர் சரசுவை எந்த முறை வைத்துக் கூப்பிடப் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தாளின்படி போனால் சரசு அவருக்குத் தம்பி மனைவி. அப்படி ஒரு சொல் அத்தனை பேர் முன்னால் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் அண்ணன் தங்கைதான். எந்த ஊரிலும் அதை மாற்ற முடியாது. யோகேஸ்வரி பிரகாஷின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் அறிந்திருப்பாள் என்று தோன்றவில்லை.

சிவநேசன் சரசுவின் அடுப்பருகே நின்றார். புகை அவர் முகத்தில் அடித்தது. இருமினார்.

"தங்கச்சி" என்றார். "பானைய எடும்மா. முன்ன மாதிரி நம்ம ரெண்டு பேரு பானையும் பக்கத்துல இருக்கட்டும்."

சரசு நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி என்றால் அவர் மகன் மருமகன். அது புரிய அவருக்கு ஒரு நொடி ஆயிற்று. பானையை இறக்கும் வரை அழுவதில்லை என்று சொன்னவரால் முடியவில்லை.

"வாரேண்ணே" என்றார்.

கல்லின்மேல் இருந்த மஞ்சள் துணியை அன்று யாரும் எடுக்கவில்லை. மழை வந்து அதைக் கல்லோடு ஒட்டவைத்தது. சர்க்கரைப் பொங்கலை எல்லாருக்கும் இலையில் வைத்தார்கள். எனக்கும் வைத்தார்கள். வைத்தது சிவநேசன். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.